விலான் போதாதா? மேலடுக்கு வலையமைப்பு யாருக்குத் தேவை?

பிப்ரவரி 3, காலை: வாசகர் கேள்வி

எங்கள் நிறுவனத்தில் இரண்டு தரவு மையங்கள், 11 சர்வர்கள், முந்நூறுக்குச் சற்று மேல் மெய்நிகர் இயந்திரங்கள். எல்லாம் விஎம்வேர் என்ற மெய்நிகராக்க மென்பொருளில் ஓடுகின்றன. உரிமம் புதுப்பிக்கும் நேரம் நெருங்கிவிட்டது. “விலான் காலம் முடிந்துவிட்டது, 4094 என்ற எல்லையோடு இனி வளர முடியாது, விஎக்ஸ்லானுக்கு மாறுங்கள்” என்கிறார் எங்கள் ஆலோசகர். விஎம்வேரின் வலையமைப்பு மென்பொருளான என்.எஸ்.எக்ஸ், ஸ்விட்சுகளை ஒரே இடத்திலிருந்து ஆளும் சிஸ்கோ ஏ.சி.ஐ, விஎம்வேருக்கு மாற்றான திறமூல பிராக்ஸ்மாக்ஸ் மூன்றில் எது சிறந்தது? ஒரு பெயரைச் சொன்னால் போதும்.

பிப்ரவரி 3, இரவு

ஒரு பெயரைச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. கேள்வியே தவறான இடத்தில் தொடங்குகிறது.

முதலில் அந்த 4094. ஒரே ஸ்விட்ச் வலையைத் தனித்தனிப் பிரிவுகளாகப் பிரிப்பதுதான் விலான். 802.1கியூ தரத்தில் விலான் அடையாளத்துக்கு 12 பிட் ஒதுக்கியதால் வந்த எல்லை அது. ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்களை ஒரே வன்பொருளில் குடியமர்த்தும் மேகக்கணி நிறுவனங்கள் அந்த எல்லையில் உண்மையிலேயே முட்டிக்கொண்டன. அவர்களை மனத்தில் வைத்துத்தான் 24 பிட் அடையாளத்தோடு விஎக்ஸ்லான் உருவானது. 2014 ஆகஸ்டில் ஆர்.எஃப்.சி 7348 என்ற இணைய ஆவணமாக வெளியானது. 1 கோடியே 67 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரிவுகளை அதில் வைத்துக்கொள்ளலாம். உங்களிடம் இப்போது எத்தனை விலான்கள் இருக்கின்றன? நூறைத் தாண்டியிருந்தால் வியப்படைவேன்.

அடுத்து, “வலையமைப்பை மெய்நிகராக்குவது” என்ற ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு வேலைகள் விற்கப்படுகின்றன. ஒன்று, வலையை நீட்டுவது: இடையில் ரூட்டர்கள் இருந்தாலும் இரண்டு இயந்திரங்கள் ஒரே ஸ்விட்சில் இருப்பதுபோல் பேச வைப்பது. மற்றொன்று, வலைக்குள் காவல் வைப்பது: ஒவ்வொரு மெய்நிகர் இயந்திரத்தின் வலையமைப்பு அட்டையிலேயே ஃபயர்வால் விதியைப் பொருத்துவது. முதலாவதற்கு மேலடுக்கு வேண்டும், அதாவது இருக்கும் வலைக்கு (கீழடுக்கு) மேலே, பாக்கெட்டுக்குள் பாக்கெட்டாக ஓடும் இன்னொரு வலை. இரண்டாவதற்கு வேண்டியதில்லை. பழைய விலான் மீதே அதைச் செய்யலாம். உங்களுக்கு எது வேண்டும் என்று தெரியாமல் பொருளை ஒப்பிட்டு என்ன பயன்?

பிப்ரவரி 4

கேட்ட பெயர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஆளுக்கொரு கருத்து தனிச்செய்தியில் வந்துகொண்டிருக்கிறது.

என்.எஸ்.எக்ஸின் வேர் நிசிரா என்ற நிறுவனத்தில் இருக்கிறது. 2012இல் விஎம்வேர் அதை ஏறத்தாழ 126 கோடி டாலருக்கு வாங்கியது. அடுத்த ஆண்டு என்.எஸ்.எக்ஸ் வெளிவந்தது. தொழில்நுட்பமாக நான் கையாண்டவற்றில் முழுமையானது இதுதான். பகிர்ந்தளிக்கப்பட்ட ஃபயர்வால், ரூட்டிங், சுமைப் பகிர்வு எல்லாம் ஒரே இடத்தில். ஆனால் நிர்வாகத்துக்கே மூன்று மெய்நிகர் இயந்திரங்கள் வேண்டும். நடுத்தர அளவில் ஒவ்வொன்றுக்கும் 24 ஜி.பி நினைவகம். 11 சர்வர் வைத்திருப்பவருக்கு இது பாரம்தான். பிராட்காம் 2023 நவம்பரில் விஎம்வேரை வாங்கி முடித்ததும் அடுத்த மாதமே நிரந்தர உரிம விற்பனை நிறுத்தப்பட்டு, எல்லாம் சந்தாவுக்கு மாறியது. புதுப்பிக்கும்போது உங்களுக்குக் கிடைக்கும் தொகுப்பில் எது இருக்கிறது, எது இல்லை என்று எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே வடிவமைப்பைப் பற்றி யோசியுங்கள்.

ஏ.சி.ஐ: நெக்சஸ் 9000 வகை ஸ்விட்சுகள் வேண்டும், கட்டுப்பாட்டுக்கு ஏபிக் என்ற சர்வர் மூன்று வேண்டும். இரண்டு ரேக்குகளுக்கு இது தேவையில்லை. வேறு பேச்சு வேண்டாம்.

பிராக்ஸ்மாக்ஸ்: 8.1 பதிப்பிலிருந்து, அதாவது 2023 நவம்பரிலிருந்து, மென்பொருள் வலையமைப்பின் அடிப்படைப் பகுதி முழு ஆதரவோடு வருகிறது. விலான், விலானுக்குள் விலான் வைக்கும் கியூ-இன்-கியூ, விஎக்ஸ்லான், எந்த முகவரி எங்கே இருக்கிறது என்று முனைகள் ஒன்றுக்கொன்று அறிவிக்கும் ஈ.வி.பி.என் என்று மண்டலங்களை, அதாவது வலை வகைகளைத் தேர்ந்தெடுக்கலாம். பின்னால் விரிவாக எழுதுகிறேன்.

பிப்ரவரி 4, பிற்பகல்

மைக்ரோசாஃப்டின் மெய்நிகராக்க மென்பொருளான ஹைப்பர்-வியை விட்டுவிட்டதாக ஒருவர் கோபித்துக்கொண்டார். விடவில்லை, கேட்டவர் அதைக் கேட்கவில்லை. விண்டோஸ் சர்வர் 2012இல் என்.வி.ஜி.ஆர்.இ என்ற மேலடுக்கு முறை மூலம் தொடங்கிய முயற்சி அது. 2016 பதிப்பில் நெட்வொர்க் கன்ட்ரோலரும் விஎக்ஸ்லானும் சேர்ந்தன. அதற்கு டேட்டாசென்டர் பதிப்பு வேண்டும். ஏற்கெனவே அந்த உரிமம் கையில் இருக்கிறவர்கள் பார்க்கலாம். இதற்காகப் புதிதாக அதை வாங்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

பிப்ரவரி 6

கேள்வி கேட்டவர் விவரம் அனுப்பியிருக்கிறார்: 62 விலான்கள். வலையமைப்பைப் பார்த்துக்கொள்ள மூன்று பேர், அவர்களில் பி.ஜி.பி (ரூட்டர்கள் பாதைகளை ஒன்றுக்கொன்று அறிவிக்கும் நெறிமுறை) தெரிந்தவர் ஒருவர். முதல் மையத்தில் ஸ்விட்சுகள் புதியவை, இரண்டாவதில் பழையவை. இரண்டுக்கும் இடையே சேவை நிறுவனம் ஒன்றிடம் வாடகைக்கு எடுத்த இணைப்பு.

“இடையே வாடகை இணைப்பு” என்று படித்ததும் எழுந்து உட்கார்ந்தேன். மேலடுக்கில் நான் பார்த்த தொல்லைகளில் பெரும்பாலானவை அங்கேதான் பிறந்தன. பொறுமையாக எழுதுகிறேன்.

மெய்நிகர் இயந்திரம் 1500 பைட் பாக்கெட்டை அனுப்புகிறது. விஎக்ஸ்லான் அதை அப்படியே இன்னொரு பாக்கெட்டுக்குள் வைக்கிறது. உள்ளே இருக்கும் ஈதர்நெட் தலைப்பு 14, விஎக்ஸ்லான் தலைப்பு 8, யூ.டி.பி 8, வெளி ஐ.பி தலைப்பு 20. மொத்தம் 50 பைட் கூடுகிறது. ஆகவே கீழடுக்கு முழுவதும் குறைந்தது 1550 பைட்டைத் தாங்க வேண்டும். வெளித் தலைப்பு ஐ.பி.வி6 ஆக இருந்தால் 1570. விஎக்ஸ்லானுக்குப் பதிலாக என்.எஸ்.எக்ஸ் பயன்படுத்தும் ஜெனீவ் நெறிமுறையில் தலைப்பின் நீளமே மாறக்கூடியது என்பதால் 1600இலிருந்து தொடங்குவார்கள்.

தாங்காவிட்டால் என்ன ஆகும்? பளிச்சென்று அறுந்து விழுந்தால் நல்லது, அப்படி விழாது. பிங் போகும். உள்நுழைவுப் பக்கம் திறக்கும். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் ஏற்கப்படும். பெரிய கோப்பை நகலெடுக்கத் தொடங்கியதும் உறைந்து நிற்கும். தரவுத்தளத்தில் சிறிய வினவலுக்கு விடை வரும், நீண்ட பட்டியல் வராது. “வலையமைப்பு நன்றாகத்தான் இருக்கிறது, பிங் போகிறதே” என்று ஒரு குழு சொல்லும். “எங்கள் மென்பொருள் நேற்றுவரை ஓடியதே” என்று மற்றொரு குழு சொல்லும். இரண்டு குழுக்களும் உண்மையைத்தான் சொல்கின்றன.

இதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். இணைப்புத் தந்த நிறுவனம் பெரிய பாக்கெட்டுகள் போகும் என்று எழுதித் தந்திருந்தது. இரு முனைகளிலும் அமைப்பு சரியாகவே இருந்தது. அவர்களுடைய பாதை பழுதாகி மாற்றுப் பாதைக்குத் திரும்பிய இரவில், அந்த மாற்றுப் பாதையில் இருந்த ஒரே ஒரு ஸ்விட்ச் 1500இலேயே இருந்தது. அளவு மீறிய ஃபிரேமை ஸ்விட்ச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். அனுப்பியவருக்குத் தகவல் சொல்லாது. விஎக்ஸ்லான் முனைகள் பாக்கெட்டைத் துண்டாக்கக் கூடாது என்பது அந்த ஆர்.எஃப்.சியிலேயே உள்ள விதி, எனவே அந்த வழியும் இல்லை. விடியும்வரை எல்லோரும் ஃபயர்வாலைச் சந்தேகித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே சோதனை: கீழடுக்கு முகவரிகளுக்கு இடையே, துண்டாக்கக் கூடாது என்ற கொடியோடு 1572 பைட் பிங் அனுப்புங்கள். ஐ.பி, ஐ.சி.எம்.பி தலைப்புகளின் 28 பைட் சேர்ந்தால் 1600. முதன்மைப் பாதையில் ஒருமுறை, அதை வேண்டுமென்றே துண்டித்து மாற்றுப் பாதையில் ஒருமுறை. இரண்டாவது சோதனையைச் செய்யாதவர்கள் சோதனையே செய்யாதவர்கள்.

பிப்ரவரி 7

“மெய்நிகர் இயந்திரங்களில் எம்.டி.யுவை 1450 ஆக்கிவிட்டால் தீர்ந்தது” என்று ஒரு வாசகர். எம்.டி.யு என்பது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு. சிறிய இடத்தில் தீரும். பிராக்ஸ்மாக்ஸ் ஆவணமும் விஎக்ஸ்லான் மண்டலத்துக்கு 50 குறைத்து வைக்கத்தான் சொல்கிறது. ஆனால் முந்நூறு இயந்திரங்களில் யார் மாற்றுவது? நாளை வார்ப்புருவிலிருந்து (டெம்ப்ளேட்) புதிதாக உருவாகும் இயந்திரம் 1500 என்றே எழும். வெளியாரிடமிருந்து ஆயத்தமாக வாங்கிய சர்வர் உருவத்துக்குள் (இமேஜ்) கை வைக்க முடியாது. கீழடுக்கை உயர்த்துவது ஒருமுறை வேலை. மேலே குறைப்பது என்றைக்கும் தீராத வேலை. வேறு வழியே இல்லாத இடத்தில் மட்டும் 1450.

பிப்ரவரி 9

ஏ.சி.ஐ பற்றி நான் எழுதியது மிகவும் சுருக்கம், அவமதிப்பாகவும் தொனிக்கிறது என்று அதை இயக்குபவர் ஒருவர் எழுதியிருக்கிறார். சுருக்கம்தான், விரித்துச் சொல்கிறேன். ஏ.சி.ஐயின் அடிப்படை எனக்குப் பிடிக்கும்: அனுமதி விதியாகிய ‘ஒப்பந்தம்’ இல்லாமல் ஒரு சர்வர் குழு இன்னொரு சர்வர் குழுவோடு பேச முடியாது. முகவரியை வைத்து யோசிப்பதை விட்டு, யார் யாரோடு பேசலாம் என்று யோசிக்க வைக்கிறது. மெய்நிகராக்கம் இல்லாத நூற்றுக்கணக்கான வெற்று சர்வர்களும் மெய்நிகர் இயந்திரங்களும் கலந்திருக்கும் பெரிய மையத்துக்கு அது பொருந்தும். வெற்று சர்வருக்கும் ஸ்விட்சே காவலாக நிற்பது ஹைப்பர்வைசர் (மெய்நிகர் இயந்திரங்களை இயக்கும் மென்பொருள்) ஃபயர்வாலால் முடியாத காரியம். ஆனால் ஒரே குழுவுக்குள் இருப்பவை இயல்பாகத் தடையின்றிப் பேசும். ஒரு சர்வரில் நுழைந்த கள்ள மென்பொருள் பக்கத்து சர்வருக்குத் தாவுவதைத் தடுக்க அதற்கென்று தனியாக அமைக்க வேண்டும்.

ஏ.சி.ஐ போன்ற கட்டுப்பாட்டு அமைப்பு இல்லாமலே அதே வகை ஸ்விட்சுகளில் பி.ஜி.பி ஈ.வி.பி.என் ஓட்டலாம். ஆர்.எஃப்.சி 7432, 8365 இரண்டும் அதற்கான அடிப்படை. எந்த முகவரி எந்த முனைக்குப் பின்னால் இருக்கிறது என்பதை வெள்ளமாகப் பாய்ச்சிக் கற்காமல், பி.ஜி.பி வழியாக முறையாக அறிவிக்கிறது. பல நிறுவனங்களின் ஸ்விட்சுகள் இதைப் பேசும் என்பதால் ஒரே விற்பனையாளரிடம் மாட்டிக்கொள்ளும் அச்சம் குறைவு. கேள்வி கேட்டவரிடம் பி.ஜி.பி தெரிந்தவர் ஒருவரே இருக்கிறார். அவர் விடுப்பில் போனால்? இதைக் கேட்காமல் எந்த ஒப்பீட்டு அட்டவணையும் முழுமையாகாது.

பிப்ரவரி 10

இரண்டு மையங்களுக்கும் ஒரே விலானை ஏன் நீட்ட விரும்புகிறீர்கள் என்று கேள்வி கேட்டவரிடம் கேட்டிருந்தேன். பதில் நான் எதிர்பார்த்ததுதான்: பேரிடரில் மெய்நிகர் இயந்திரத்தை மறுபுறம் எழுப்பும்போது ஐ.பி முகவரி மாறக் கூடாது, பழைய கணக்கு மென்பொருளின் பயனர் கணினிகளில் முகவரி நேரடியாக எழுதப்பட்டிருக்கிறது.

தேவை நியாயமானது, வழிதான் ஆபத்தானது. நீட்டப்பட்ட வலையில் ஒரு பக்கம் எழும் ஒளிபரப்புப் புயல் (எல்லோருக்குமான பாக்கெட்டுகள் பெருகி வலையை நிரப்புவது) மறுபக்கத்தையும் சாய்க்கும். பேரிடருக்காகக் கட்டிய மையம் முதல் மையத்தோடு சேர்ந்தே விழுந்தால் அதைக் கட்டியதற்கு என்ன பொருள்? நுழைவாயில் ரூட்டர் முதல் மையத்தில் மட்டும் இருந்தால், இரண்டாவது மையத்தில் அருகருகே இருக்கும் இரண்டு இயந்திரங்களின் பேச்சும் வாடகை இணைப்பு வழியே போய்த் திரும்பும். ஈ.வி.பி.என் இவை இரண்டையும் பெரிதும் தணிக்கும், உண்மை. ஆனால் இடையிலுள்ள இணைப்பு அறுந்து இரு பக்கமும் தாமே முதன்மை என்று நினைக்கும் நிலையை எந்த நெறிமுறையும் உங்களுக்காகத் தீர்த்துத் தராது.

முகவரி மாறாமல் இருக்க நீட்ட வேண்டிய அவசியமில்லை. அந்த மென்பொருளுக்குத் தனியாகச் சிறிய துணை வலை ஒன்று கொடுங்கள். இயல்பான நாளில் முதல் மையம் அந்தத் துணை வலையை ரூட்டிங்கில் அறிவிக்கட்டும். பேரிடர் நாளில் அங்கே நிறுத்திவிட்டு இரண்டாவது மையத்திலிருந்து அறிவியுங்கள். முகவரி அதேதான், பயனர் கணினியில் ஒன்றும் மாறாது, இரண்டாம் அடுக்கு, அதாவது ஒரே ஸ்விட்ச் போன்ற அந்த வலை, எங்கும் நீளவில்லை. இதை மனிதர் முடிவெடுத்து ஒரு கட்டளையால் செய்யலாம். தானியங்கியாக நடக்க வேண்டும் என்று மேலிடம் வற்புறுத்தினால், எத்தனை நிமிட நிறுத்தம் உண்மையில் நட்டம் தருகிறது என்று முதலில் கேளுங்கள்.

பிப்ரவரி 12

பிராக்ஸ்மாக்ஸ் பற்றி எழுதுவதாகச் சொன்னேன். இரண்டு நாட்களாக மனம் இங்கும் அங்கும் சாய்கிறது.

பாராட்ட வேண்டியது: எளிய விலான் மண்டலத்திலிருந்து ஈ.வி.பி.என் வரை ஒரே திரையில் போகலாம். பின்னால் ஓடுவது எஃப்.ஆர்.ஆர் என்ற ரூட்டிங் மென்பொருள், லினக்ஸ் தெரிந்தவர் உள்ளே பார்த்துப் புரிந்துகொள்ளலாம். மாற்றங்களை எழுதி வைத்துவிட்டு ‘பொருத்து’ என்று அழுத்தும்வரை எதுவும் நடைமுறைக்கு வராது. அந்த ஒழுங்கு எனக்குப் பிடிக்கிறது. வலையின் பெயர் 8 எழுத்துக்குள் அடங்க வேண்டும் என்பதால் பெயரிடும் முறையை முன்பே தாளில் வரைந்துகொள்ளுங்கள்.

தயக்கம்: ஈ.வி.பி.என் மண்டலத்தில் வெளியே போகும் வாயிலாக ஒரு சர்வரையோ பலவற்றையோ நியமிக்கிறோம். பல வாயில்கள் இருக்கும்போது, போன பாக்கெட்டின் விடை வேறு வாயில் வழியாகத் திரும்பலாம். நிலையை நினைவில் வைக்கும் ஃபயர்வால் அதை ஏற்காது. முதன்மை வாயில் ஒன்றைக் குறித்துவிட்டால் இது அடங்கும். தெரிந்தவருக்குச் சிறிய விஷயம். தெரியாதவருக்கு நாள் முழுவதும் போய்விடும்.

உங்கள் நிலையில் அந்த விலான் மண்டலமே போதும் என்றுதான் நினைக்கிறேன். ஈ.வி.பி.என்னைச் சோதனை அறையில் ஓட்டிப் பழகுங்கள், உற்பத்திக்குள் அவசரப்பட்டுக் கொண்டுவர வேண்டாம்.

பிப்ரவரி 15

“வேகம் குறையுமா?” பலர் கேட்கிறார்கள். வலையமைப்பு அட்டை விஎக்ஸ்லானைப் புரிந்துகொண்டு, பெரிய தரவைப் பாக்கெட் அளவுக்குப் பிரிப்பதையும் சரிபார்ப்புத் தொகையையும் தானே செய்தால் இழப்பு சிறிது. அட்டை பழையதென்றால் அந்தச் சுமை செயலியின் தலையில் ஏறும். பழைய ஸ்விட்சுகள் உள்ள அந்த இரண்டாவது மையத்தில் அட்டைகளும் பழையவையாக இருந்தால் முதலில் அதைப் பாருங்கள்.

வேகத்தைவிட எனக்கு முக்கியமானது, பழுது பார்க்கும் வேலை எவ்வளவு கூடுகிறது என்பது. மேலடுக்கில் ஒரு பாக்கெட்டைத் தேடுவது இரண்டு தேடல்கள். வெளியே பார்த்தால் எல்லாம் 4789 என்ற யூ.டி.பி வாயிலுக்குப் (போர்ட்) போகும் ஒரே மாதிரியான பாக்கெட்டுகள். பழைய லினக்ஸ் வழக்கப்படி 8472 வாயிலில் ஓடும் அமைப்பும் உண்டு. இரண்டையும் கலந்து வைத்தால் இரு முனைகளும் ஒன்றையொன்று கேட்காது. வெளிப் பாக்கெட்டின் புறப்பாட்டு வாயில் எண் உள் தலைப்பிலிருந்து கணக்கிடப்படுகிறது. பல பாதைகளில் சுமையைப் பகிரத்தான் இந்த ஏற்பாடு. அதனால் நான்கு பாதைகளில் ஒன்று மட்டும் பழுதானால், சில இணைப்புகள் மட்டும் தொங்கும், மற்றவை பறக்கும். இதைக் கண்டுபிடிக்கும் கருவியும் பழக்கமும் உங்கள் மூவரிடம் இருக்கிறதா என்பதுதான் தேர்வுக்கு உரைகல்.

பிப்ரவரி 18

இன்னொரு வாசகர்: “விஎக்ஸ்லான் சுரங்கம்தானே, பாதுகாப்பானதுதானே?” இல்லை. அதில் மறையாக்கம் கிடையாது, அனுப்பியவரைச் சரிபார்ப்பதும் கிடையாது. கீழடுக்கில் நுழைய முடிந்தவர் உள்ளே இருப்பதைப் படிக்கலாம், பொய்ப் பாக்கெட்டையும் செலுத்தலாம். வாடகை இணைப்பில் ஐபிசெக் அல்லது மேக்செக் என்ற மறையாக்க முறையை வைத்தே தீர வேண்டும். வயர்கார்டு என்ற மறையாக்கச் சுரங்கத்துக்குள் விஎக்ஸ்லான் என்றால் எம்.டி.யு கணக்கை மறுபடி போடுங்கள்: வயர்கார்டின் வழக்கமான 1420இல் 50 போனால் 1370.

பிப்ரவரி 18, இரவு

கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபெர்நெட்டீஸ் பற்றிக் கேட்டவருக்கு ஒரு வரி. மேலடுக்கு மீது இன்னொரு மேலடுக்கை ஏற்றாதீர்கள். அதன் வலையமைப்பு மென்பொருள்களான காலிகோவும் சிலியமும் மேலடுக்கு இல்லாமல் ரூட்டிங் முறையிலேயே ஓடக்கூடியவை. கீழே உள்ள வலை இடம் கொடுத்தால் அப்படியே ஓட்டுங்கள்.

பிப்ரவரி 25

கேள்வி கேட்டவர் முடிவெடுத்துவிட்டார். விலான்கள் அப்படியே இருக்கும். இரண்டு மையங்களுக்கு இடையே மூன்றாம் அடுக்கு, அதாவது ஐ.பி, ரூட்டிங் மட்டும். கணக்கு மென்பொருளுக்குத் தனித் துணை வலை. உரிமம் முடிவதற்குள் பிராக்ஸ்மாக்ஸுக்கு மாறி, ஒவ்வொரு மெய்நிகர் இயந்திரத்துக்கும் ஃபயர்வால். எனக்கு இது மிகுந்த மகிழ்ச்சி. ஆலோசகரும் பிங் சோதனையைச் செய்து பார்த்தாராம்: முதன்மைப் பாதையில் 1572 போனது, மாற்றுப் பாதையில் போகவில்லை. சேவை நிறுவனத்துக்குக் கடிதம் போயிருக்கிறது. இப்போது மேலடுக்கு இல்லை என்றாலும் அதைச் சரிசெய்து வாங்கி வையுங்கள், ஐபிசெக்குக்கும் இடம் வேண்டும்.

அவருடைய கடைசிக் கேள்வி: ஃபயர்வாலை எங்கிருந்து தொடங்குவது?

பிராக்ஸ்மாக்ஸில் தரவு மைய அளவில் ஃபயர்வாலை இயக்கினால்தான் கீழே உள்ள விதிகள் உயிர்பெறும். ஆனால் இயக்கிய அந்த நொடியே சர்வர்களுக்குள் வரும் இணைப்புகளுக்கு இயல்பு நிலை ‘மறுப்பு’ ஆகிவிடும். உள்ளக நிர்வாக வலையிலிருந்து வரும் 8006 (நிர்வாகத் திரை), 22 (எஸ்.எஸ்.எச்) வாயில்களுக்கு மட்டும் தானாக விலக்கு உண்டு. நிர்வாகக் கணினிகள் வேறு துணை வலையில் இருந்தால், இயக்குவதற்கு முன்பே அவற்றை அனுமதிப் பட்டியலில் சேருங்கள்.

பிறகு எல்லா இயந்திரங்களையும் ஒரே நேரத்தில் பூட்டாதீர்கள். ஒரு குழுவை எடுத்து, கடைசி விதியாக ‘எல்லாவற்றையும் அனுமதி, பதிவு செய்’ என்று வைத்து, மாத இறுதிக் கணக்கு ஓட்டமும் அதில் விழும்வரை காத்திருங்கள். டி.என்.எஸ், நேர ஒத்திசைவு, கண்காணிப்பு, காப்புப்பிரதி என்று யாரும் வரைபடத்தில் வரையாத பேச்சுகள் அந்தப் பதிவில் வரும். அவற்றுக்கு விதி எழுதிய பின்பே கடைசி விதியை ‘மறு’ என்று மாற்றுங்கள்.

முதல் குழுவாகக் காப்புப்பிரதி சர்வர்களையே எடுங்கள். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்பவர்கள் முதலில் தேடி அழிப்பது அவற்றைத்தான். அவற்றோடு யார் பேச வேண்டும் என்ற பட்டியலும் மிகச் சிறியது, ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். பதிவு சேர்ந்ததும் அந்தப் பட்டியலை இங்கே போடுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.